மாயக்காட்டில் விறகு வெட்டியது யார்?

கட்டம் போட்ட தாளில் ஒரு மாயக்காட்டை எப்படி வரைவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். ‘நாட்டுல இருக்கிற பிரச்சினை போதாதுன்னு இது வேறயா’ என்று பக்கத்தைப் புரட்டப்போகிற தோழர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். படம் போடுகிறவன் கையில்தான் யார் எங்கே நிற்கலாம், எந்த வழியாகப் போகலாம், எதன் பின்னால் ஒளியலாம் என்கிற தீர்ப்பு இருக்கிறது. விளையாட்டுப் படமானாலும் அப்படித்தான்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் 1974-இல் மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பேசிப்பேசியே கதையை நகர்த்துகிறார்கள். ஒருவர் மட்டும் பாத்திரம் எடுக்காமல் உலகத்தை நடத்துகிறார், நம்ம கூத்துல கட்டியங்காரன் மாதிரி, ஆனால் அவனைவிட அதிகாரம் கூடியவர். சண்டை வந்தால் மேசைமேல் ஒரு படம் விரியும். படத்தில் ஓர் அங்குலக் கட்டம் என்றால் களத்தில் 5 அடி. சாதாரண மனுசன் ஒரு சுற்றில் 30 அடி, அதாவது 6 கட்டம் நகரலாம். இருபது முகம் கொண்ட பகடையை உருட்டினால் வெட்டு விழுந்ததா இல்லையா என்று தெரியும். அவ்வளவுதான்.

எங்கள் வங்கிக் கிளைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் இதை நடத்துகிறார். நான் கவிதை எழுதுகிறவன், ஏதோ கிறுக்கவும் செய்வேன் என்று தெரிந்து, “அண்ணே, ஒரு மாயக்காடு போட்டுக் குடுங்கண்ணே. காசு குடுத்து வாங்குறதெல்லாம் ஒரே மாதிரி இருக்கு” என்றார். வாங்கியவற்றைக் காட்டச் சொன்னேன். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. நீலப்பச்சை வெளிச்சம், ஒளிரும் காளான், நடுவில் ஒரு கல்வட்டம், முறுக்கிக்கொண்டு நிற்கும் கிழட்டு மரங்கள். இருபது முப்பது படம் பார்த்திருப்பேன். ஒன்றிலாவது ஓர் ஒற்றையடிப் பாதை ஏன் அந்த இடத்தில் திரும்புகிறது என்பதற்குக் காரணம் இல்லை. ஒரு சாம்பல் குவியல் இல்லை. ஆள் நடமாட்டமே இல்லாத காடு, ஆனால் பாதை மட்டும் இருக்கிறது. யார் நடந்து விழுந்த பாதை?

வங்கியில் என் மேசைக்கு வருவதும் பாதி படம்தான். கடன் கேட்டு வருகிறவர்களின் பட்டா, சிட்டா, புலப்படம். கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வண்டிப்பாதை என்று நான்கெல்லை சொல்லும் பத்திரங்கள். பதினோரு வருசமாகப் பார்த்துப்பார்த்து ஒன்று பழகிவிட்டது. எந்தப் படத்தைக் கையில் எடுத்தாலும் வரைந்திருப்பதை விட்டுவிட்டு வரையாமல் விட்டதைத்தான் கண் முதலில் தேடும். ‘புறம்போக்கு’ என்று ஒரு வார்த்தை போட்டுக் காலியாக விட்ட கட்டத்தில் நாற்பது குடும்பம் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கண்ணோடுதான் மாயக்காட்டையும் பார்த்தேன். வேறு கண் எனக்கில்லை.

இந்த மேசைப்படத்தின் பூர்வீகம் பட்டாளம். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-இல் தன் அரசனுக்குப் போர் விளையாட்டு மேசை ஒன்று செய்துகொடுத்தார். அவர் மகன் 1824-இல் அதை 1:8000 அளவுப் படத்தின் மேல் நடத்தும் விதிகளாக அச்சிட்டார். இரண்டு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர், யார் கண்ணுக்கு எது தெரியும் என்பதை அவரே சொல்வார். அந்த நடுவரின் பேரன்தான் இன்று மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவர். படையதிகாரிக்குப் பழக்கம் கொடுக்க வரைந்த படத்தில் காடு என்றால் என்ன? குதிரைப்படையைத் தாமதப்படுத்தும் தரை, காலாள் ஒளியும் மறைப்பு, பீரங்கிக்கு இடைஞ்சல். இந்த மூன்றுக்கு மேல் அங்கே காட்டுக்கு அர்த்தம் கிடையாது. இருநூறு வருசம் கழித்து விற்கிற மாயக்காடும் அதே மூன்றுதான், மேலே கொஞ்சம் மினுமினுப்புத் தூவியிருக்கிறார்கள்.

இதைவிடச் சுவையான சங்கதி ஒன்று உண்டு. 1974 விளையாட்டில் காட்டுவெளிப் பயணத்துக்கென்று தனிப்படம் கிடையாது. அவலான் ஹில் என்ற கம்பெனி 1972-இல் வெளியிட்ட ‘அவுட்டோர் சர்வைவல்’ என்ற வேறொரு விளையாட்டின் பலகையை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அது காட்டில் வழிதவறியவன் பசியிலும் தாகத்திலும் சாகாமல் வெளியே வருகிற விளையாட்டு. அதில் உயிர் பிழைக்க ஓடவேண்டிய இடம் நீர்நிலை. இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பலகையில் நீர் தேங்கும் இடங்களையெல்லாம் கோட்டைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என விதி எழுதினார்கள். தண்ணீர் இருந்த கட்டத்தில் எல்லாம் ஒரு பிரபு, அவனுக்கொரு மதில், வழியில் போகிறவனை மறித்துக் கப்பம் கேட்க ஆட்கள். தாகத்துக்கு ஓடி வருகிறவன் முதலில் கோட்டை வாசலில் நிற்கவேண்டும். அவசரத்துக்குக் கடன் வாங்கிய பலகை, வசதிக்காக எழுதிய விதி என்று அந்த நாட்டுக்காரர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஊர்க்கிணற்றில் வாளி போட முடியாத கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது அவ்வளவு சிரிப்பாக இல்லை.

காட்டுக்குள் யாரை வைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்ஃப் என்றால் அழகு, வில்வித்தை, நீண்ட ஆயுசு. ஓர்க் என்றால் பிறப்பிலேயே கெட்டவன். 1977-இல் வந்த மான்ஸ்டர் மேனுவல் ஒவ்வொரு பிறவிக்கும் எதிரே நல்லவனா கெட்டவனா என்று குணத்தை அச்சிட்டே கொடுத்தது. 2016-இல் வந்த ஒரு புத்தகம்கூட ஓர்க் பாத்திரம் எடுத்தால் புத்தியில் 2 கழித்துக்கொள் என்றது. நம்ம மனு செய்த அதே வேலையை ஒரு சின்ன எண்ணால் முடித்துவிட்டார்கள், பார்த்தீர்களா. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், விளையாடுகிறவர்களே சண்டை போட்டு இதை மாற்ற வைத்தார்கள். 2020-இல் கம்பெனி, இந்தச் சித்திரிப்புகள் நிஜ உலகில் மக்களை இழிவுபடுத்திய விதத்தை ஒத்திருக்கின்றன என்று ஒப்புக்கொண்டது. அந்தக் கழித்தல் 2 நீக்கப்பட்டது. 2024 புத்தகத்தில் ‘ரேஸ்’ என்ற சொல்லே போய் ‘ஸ்பீஷீஸ்’ வந்தது. இனம் போய் உயிரினம் வந்ததில் எவ்வளவு லாபம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் வாதம் வேறு. புத்தகத்தில் எண்ணை மாற்றிவிட்டார்கள், படத்தை மாற்றவில்லை. படத்தில் அந்த ஓர்க் இன்னும் புதருக்குப் பின்னால் கோடரியோடு நிற்கிறான், வெட்டுப்படுவதற்காக. அவன் அந்தக் கோடரியை எதற்கு வைத்திருக்கிறான்? சண்டைக்கா, விறகுக்கா?

இங்கேதான் நிஜக் காட்டுக்கு வரவேண்டும். மாயக்காடு என்று இவர்கள் கொண்டாடுவது ஐரோப்பிய, அதிலும் இங்கிலாந்துக் காட்டின் நிழலைத்தான். ‘ஃபாரஸ்ட்’ என்ற சொல்லுக்கு மூலம் லத்தீனில் ‘வெளியே’ என்கிற சொல். அப்படியே நம்ம புறம்போக்கு! மரம் இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாம் பட்சம், பொதுச் சட்டத்துக்கு வெளியே அரசன் தன் வேட்டைக்கென ஒதுக்கிக்கொண்ட நிலமே ஃபாரஸ்ட். வில்லியம் என்ற வெற்றி வீரன் 1079-இல் ‘நியூ ஃபாரஸ்ட்’ என்று ஒன்றை அப்படி ஒதுக்கினான். 1217-இல் வந்த காட்டுச் சாசனம் பன்றி மேய்க்கவும் விறகு பொறுக்கவும் குடிமக்களுக்கிருந்த உரிமைகளைத் திரும்ப எழுதிக்கொடுத்ததோடு, இனிமேல் மானுக்காக யாருடைய உயிரையும் உறுப்பையும் எடுப்பதில்லை என்றும் சொன்னது. அதற்கு முன்னால் எடுத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

சரி, அந்த முறுக்கிக்கொண்டு நிற்கும் மரங்கள். ஆளுயரத்துக்குமேல் தலை வீங்கி, முகமும் முண்டுமாக, நூறு விரல் விரித்ததுபோல் கிளைவிட்டு நிற்குமே, சூனியக்காரி கதைப் புத்தகங்களில் ஆர்தர் ராக்கம் போன்றவர்கள் முகம் வைத்து வரைந்தார்களே, அந்த உருவத்தைச் சூனியம் செய்யவில்லை. கோடரி செய்தது. ஆடுமாடு துளிரைத் தின்றுவிடாத உயரத்தில் கிளையைக் கழித்து, சில வருசம் விட்டு, மறுபடி கழித்து, இப்படித் தலைமுறை தலைமுறையாகச் செய்தால் மரம் அந்த உருவத்துக்கு வரும். போலார்டு என்பார்கள். லண்டனுக்குப் பக்கத்தில் எப்பிங் காட்டில் இன்றும் அவை ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. லவுட்டன் என்ற ஊர்க்காரர்களுக்கு அங்கே நவம்பர் 11 முதல் ஏப்ரல் 23 வரை கிளை கழித்து விறகெடுக்கும் உரிமை இருந்தது. 11-ஆம் தேதி நள்ளிரவில் போய் முதல் வெட்டு வெட்டாவிட்டால் உரிமை பறிபோகும் என்று நம்பி, குளிரில் தீ மூட்டிக் காத்திருந்து வெட்டினார்கள். 1860-களில் ஊரின் பாதிரியாரும் நிலவுடைமையாளருமாக ஒரே ஆளாக இருந்தவர் காட்டுக்கு வேலி போட்டார். தாமஸ் வில்லிங்கேல் என்ற தொழிலாளி விடவில்லை. அவர் வீட்டு ஆட்கள் கிளை வெட்டியதற்காகச் சிறை போனார்கள், வழக்கு நீண்டது. 1878-இல் வந்த சட்டம் காட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தது, வெட்டும் உரிமையை நிறுத்தி ஈடு கொடுத்தது. அந்த ஈட்டுப் பணத்தில் கட்டிய லாப்பிங் ஹால் 1884-இலிருந்து அங்கே நிற்கிறது. உலாவப் போகிறவனுக்குக் காடு கிடைத்தது, அடுப்பெரித்தவனுக்கு ஒரு மண்டபம். கழிப்பது நின்றபின் அந்த மரங்களின் தலை தாறுமாறாகப் பெருத்து இன்னும் அமானுஷ்யமாகிவிட்டது. அதைத்தான் ‘மாயம்’ என்று விற்கிறார்கள்.

ராத்திரியில் காட்டுக்குள் தெரியும் வெளிச்சமும் அப்படித்தான். பாதி, மக்கிய கட்டையில் மினுங்கும் பூஞ்சை. மீதி, கரி மூட்டம். விறகை அடுக்கி, தழை மூடி, மண் பூசி, உள்ளே தீயை மூச்சுவிட முடியாமல் வைத்து நாட்கணக்கில் காவல் இருக்கவேண்டும். தூங்கிவிட்டால் மூட்டம் பற்றிக்கொள்ளும், கரிக்குப் பதில் சாம்பல். அதனால் அங்கே கரி சுடுகிறவர்கள் ஒற்றைக்கால் முக்காலியில் உட்காருவார்களாம், கண்ணயர்ந்தால் கவிழ்ந்துவிட. பெருவழியில் குதிரைமேல் போகிற கனவானுக்கு மரங்களுக்கிடையே புகையும் செவ்வெளிச்சமும் கறுத்த முகங்களும் தெரிகின்றன. அவன் வீட்டுக்குப் போய்க் குட்டிச்சாத்தான் கதை சொல்கிறான். கதை சொல்ல அவனுக்குத்தான் எழுத்து இருந்தது.

இனி என் படம். நீளம் 30 கட்டம், அகலம் 20. அதாவது 150 அடிக்கு 100 அடி. இந்த விளையாட்டில் நெடுவில்லின் இயல்பான எட்டு 150 அடி. படம் வெட்டவெளியாக இருந்தால் வில்காரன் ஒரு மூலையில் நின்றபடியே எல்லாரையும் முடித்துவிடுவான், மற்றவர்களுக்கு வேலையில்லை. ஆகவே முதல் விதி, எந்தத் திசையிலும் 10 கட்டத்துக்குமேல் பார்வை நேராக ஓடக்கூடாது. அதற்கு மரத்தை இஷ்டத்துக்குத் தூவக்கூடாது. கிளை கழிக்கிற காட்டில் மரத்துக்கும் மரத்துக்கும் ஆள் கோடரி வீசும் இடைவெளி இருக்கும், நடுவே முள். அந்த இடைவெளியே களத்தை அமைத்துக்கொடுக்கும்.

கடையில் வாங்கும் படங்களின் பெரிய குறை, மேலிருந்து பார்ப்பதால் இலைக்கூரையை வரைந்து தரையை மறைத்துவிடுவது. காயை வைத்தால் இலைமேல் நிற்கிறானா, கீழே நிற்கிறானா? நான் அடிமரத்தை அழுத்தமாகவும் கூரையை வெறும் புள்ளிக்கோடாகவும் போட்டேன். போலார்டு அடிமரம் ஒரு கட்டத்தை நிறைக்கும். பின்னால் ஒண்டினால் முக்கால் மறைப்பு, தற்காப்பில் 5 கூடும். ஏறினால் இன்னும் விசேஷம். 10 அடி ஏற 20 அடி நடைச் செலவு, ஆனால் மேலே உள்ளங்கை மாதிரி ஒரு தட்டு, ஓர் ஆள் உட்காரலாம், பாதி மறைப்பு, 2 கூடும். கதைப்புத்தக மரத்தில் ஏற இடமிருக்காது. வெட்டின மரத்தில் இருக்கும்.

முள்புதர் கடினத் தரை, ஒரு கட்டம் போக இரண்டு கட்டச் செலவு. அதன் ஊடாகப் பன்றித்தடம் ஒன்று, ஒரு கட்ட அகலம், தாழ்வானது. குள்ளப் பாத்திரங்கள் முழுவேகத்தில் போகலாம், உயர்ந்தவர்கள் குனிந்து பாதி வேகத்தில். வடமேற்கே சரிவை வெட்டிச் சமப்படுத்திய வட்டம், குறுக்கே 5 கட்டம், மண் கறுத்து, நடுவில் புகையும் மூட்டம். புகை காற்றடிக்கும் பக்கம் 3 கட்டத்துக்குப் பார்வையை அடியோடு மறைக்கும், காற்றைப் பகடை சொல்லும். கிழக்கே குறுக்குவாட்டில் புது வேலி.

மாயம் எங்கே என்று தம்பி கேட்டார். காளான் வட்டத்தில் வைத்தேன். எல்லாப் படத்திலும் அதில் கால் வைத்தால் வேறெங்கோ கொண்டுபோய்ப் போடும். என் வட்டம் இடத்தை மாற்றாது, காலத்தை மாற்றும். இதே அளவில் ட்ரேசிங் தாளில் ஐம்பது வருசம் முந்தைய காட்டை வரைந்து வைத்திருக்கிறேன். அதில் வேலி இல்லை, நாலு குடிசை இருக்கிறது, கிழக்கே பாதை திறந்திருக்கிறது. வட்டத்தில் நுழைந்தவருக்கு மட்டும் இரண்டு சுற்றுக்கு அந்தத் தாளை மேலே விரிப்பார் நடத்துனர். அவர் வேலி இருக்கும் கட்டத்தில் நடந்து போய்விடலாம், ஏனென்றால் அவருக்கு அது இன்னும் போடப்படவில்லை. நேரம் முடியும்போது எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ராத்திரி என்றதும் கறுப்பைக் கொட்டாதீர்கள். அடிநிறம் வெளிர் நீலப்பச்சை, கட்டக்கோடு மெலிதாக, கறுப்பு அடிமரத்துக்கும் கரிமண்ணுக்கும் மட்டும். ஜெராக்ஸ் எடுத்தாலும் தெரியவேண்டும். எல்லாரிடமும் கலர் பிரிண்டர் இல்லை.

“கற்பனைக்குள்ள போய் எதுக்குண்ணே இதெல்லாம்? ஜாலியா ஆடத்தானே வர்றோம்” என்று அவர் கேட்காமலில்லை. நியாயமான கேள்விதான். நான் படத்தில் ஒரு கோஷமும் எழுதவில்லை. மரம், முள், சாம்பல், வேலி, அவ்வளவே. ஆடுகிறவர்கள் வேலிக்காரன் பக்கம் சேர்ந்துகொண்டு காசு வாங்கினாலும் விதி தடுக்காது. கற்பனை எல்லாருக்கும் பொது என்கிறார்கள். பொது என்றால் அதில் அடுப்பெரித்தவனுக்கும் நாலு கட்டம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? காலியான காடு மட்டும் அரசியல் இல்லாததா?

போன மாதம் அந்தப் படத்தை விரித்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கறுத்த வட்டத்தைப் பார்த்ததும் மூன்று பேர் அது மந்திரவாதியின் யாகக்குண்டம் என்று முடிவுகட்டி, தண்ணீர் மந்திரம் போட்டு அணைக்கத் தயாரானார்கள். சிவகங்கைப் பக்கமிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் ஒரு பெண், அதுவரை பெரிதாகப் பேசாதவர், “இது மூட்டம் போட்ட எடம்ல. அணச்சா அவங்க பொழப்புப் போச்சு” என்றார். ஒருவர் ஆச்சரியமாக, “உனக்கெப்படித் தெரியும்?” என்றார். கேள்வி எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு நொடி யோசித்தார். “எங்க அம்மாச்சி போட்டிருக்கு. நானும் ராத்திரி கூட உக்காந்திருக்கேன்” என்றார். பிறகு தன் காயை எடுத்துச் சரியாக வட்டத்தின் விளிம்பில், புகை அடிக்காத பக்கமாக வைத்தார். எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சண்டை நடக்கட்டும், நான் விடியுமட்டும் மூட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அறிவித்தார்.

தம்பி புத்தகத்தைப் புரட்டினார். வாள் வீச விதி இருந்தது, பூட்டைத் திறக்க, சுவரேற, மந்திரத்தை மறிக்க எல்லாம் இருந்தது. மூட்டம் காக்க இல்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு நாங்கள் எல்லாருமாக உட்கார்ந்து எழுதினோம், அவர் சொல்லச்சொல்ல. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகடை. 5-க்குக் கீழே விழுந்தால் மண் விரிசல் விட்டுக் காற்றுப் புகுந்துவிட்டது, அடுத்த சுற்றுக்குள் ஈரமண் அப்பவேண்டும். தவறினால் பற்றிக்கொள்ளும். காற்று திசை மாறினால் 7-க்குக் கீழே. இரண்டு பேர் காவலிருந்தால் எவ்வளவு குறைக்கலாம் என்பது இன்னும் தீரவில்லை. 3 போதும் என்கிறார் அவர். தம்பிக்கு அது ரொம்ப சுலபமாகிவிடுமோ என்று தயக்கம்.